ஒளிராத இருபத்து மூன்று

அறை விளக்கை அணைத்துவிட்டு, கருப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, இரண்டு பேர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பியின் மீது புற ஊதா விளக்கு அடித்தது. உள்ளே இருந்த கரைசல் மஞ்சளாக ஒளிர வேண்டும். அது கழுவிவிட்ட தண்ணீரைப் போல் சும்மா கிடந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமாக்கா? கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்."

"பழகியாச்சுடா. எனக்கு உன் மூக்கு வரைக்கும் தெரியுது."

"மூக்காவது ஒளிருதா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. துணியைத் தள்ளிவிட்டு விளக்கைப் போட்டான். முப்பத்தொரு வயதுக்காரன். அந்த வெளிச்சத்தில் நாற்பதைத் தாண்டியவன் போலிருந்தான். இது பதினோராவது தடவை. பதினோரு தடவையும் அந்தப் பொருளை வெள்ளைத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் வழியாக இறக்கி, அழுக்கைப் பிரித்து, சுத்தமான பகுதியை மட்டும் பிடித்து, உலர்த்தி, மறுபடி கரைத்துப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குழாயிலேயே தங்கிவிடும். கையில் வருவது குறைந்துகொண்டே போகும். துறையில் அவனை எல்லோரும் 'வடிகட்டி' என்று கூப்பிடுவதற்குக் காரணம் இதுதான். முதலில் கேலியாக வைத்த பெயர். இப்போது அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

"என் கைதான் சரியில்லக்கா," என்றான். "மூலக்கூறு உங்க கணக்குல அவ்வளவு அழகா எரியுது. என் கைக்கு வந்ததும் அணைஞ்சு போகுது."

அந்த மூலக்கூறுக்கு இருபத்து மூன்று என்று எண். எண் கொடுத்தவள் அவள். துறையில் அவளுக்கு 'கணக்கக்கா' என்று பெயர்.

கணக்கக்காவுக்கு நாற்பத்தொரு வயது. மூன்றாவது மாடியின் கோடியில், ஜன்னலில்லாத ஓர் அறையில் அவளுடைய மேஜை. பக்கத்து அறையில் கணினிகள் அடுக்கடுக்காக நின்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலைச் சுவர் வழியாகக் கேட்டுக்கேட்டு, வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் கூட அவளுக்கு எதையோ தொலைத்த மாதிரி இருக்கும். அவளுடைய அடையாள அட்டையில் 'தற்காலிகம்' என்று அச்சடித்திருக்கிறது. பதினாறு வருடமாக அதே தற்காலிகம். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து அவளுடைய மகள், "யாரும்மா இந்த அக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

அவளும் ஒரு காலத்தில் குடுவையும் குழாயுமாகத்தான் தொடங்கினாள். பிறவியிலிருந்தே விரல்களில் ஒரு நடுக்கம். பேனா பிடித்தால் தெரியாது, நிறைந்த குடுவையைப் பிடித்தால் தெரியும். இருபத்து நான்கு வயதில் ஒரு நாள், இரண்டு மாத உழைப்பைத் தரையில் கொட்டினாள். அன்று அவளுடைய ஆசிரியர் எல்லோருக்கும் முன்னால், "உன் கைக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா" என்றார். திட்டியிருந்தால் கூடத் தேவலை, இரக்கப்பட்டார். அதற்குப் பிறகுதான் கணினி. அங்கே எதையும் கொட்ட முடியாது. மூலக்கூறைத் தொடாமலே அதன் மேல் வெளிச்சம் பாய்ச்சலாம், அணுவை நகர்த்தலாம், என்ன ஆகிறதென்று எண்களில் பார்க்கலாம். பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் பார்த்து வந்த விஷயத்தை வீட்டில் ஒருமுறை கணவனுக்கு விளக்கியிருக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு எதையும் இயந்திரமாகச் சொன்னால்தான் பிடிக்கும். சில மூலக்கூறுகளில் அணுக்கள் வளையமாகக் கைகோர்த்து நிற்கும். வளையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் சீராகப் பரவியிருக்கும். அதனால் அந்த வளையத்துக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு, லேசில் கலையாது. அரோமேட்டிக் என்பார்கள். பெயரில்தான் வாசனை, விஷயம் இந்த நிம்மதிதான். ஆனால் அதே வளையத்தின் மேல் ஒளி விழுந்து அது கிளர்ந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். இருட்டில் எது நிம்மதியாக இருந்ததோ, அது வெளிச்சத்தில் தவியாய்த் தவிக்கும். வளையத்தின் ஓரத்தில் ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொண்டு ஒரு புரோட்டான் இருந்து, பக்கத்திலேயே ஒரு நைட்ரஜன் இடம் கொடுத்தால், அந்தப் புரோட்டான் இங்கிருந்து அங்கே சட்டென்று தாவிவிடும். தாவினால் வளையத்தின் தவிப்பு அடங்கும். அடங்கிய பிறகு மூலக்கூறு மிச்ச ஆற்றலை மஞ்சள் வெளிச்சமாக வெளியே விடும்.

"ஓவர்லோடு ஆனா அலாரம் அடிக்குது, ஒருத்தர் இறங்கினா நிக்குது. அதானே?" என்றான் கணவன்.

"அதேதான்."

"இதுக்கா பதினாறு வருஷம்?"

அவளும் அவளுடைய பேராசிரியரும் நாற்பது மூலக்கூறுகளைக் கணக்குப் போட்டு, புரோட்டான் தாவும்போது எதில் வளையத்தின் தவிப்பு அதிகமாக அடங்குகிறது என்று வரிசைப்படுத்தி, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வரிசையில் முதலாவதாக நின்றது இருபத்து மூன்று. கீழ்த் தளத்தில் மூலக்கூறுகளைக் கையால் செய்கிற ஆய்வகத்தின் மேடம் அதைப் படித்துவிட்டுத் தன் மாணவனிடம், "இதைச் செய், உன் தீசிஸுக்கு மூணாவது அத்தியாயம் ஆச்சு" என்றார். அந்த மாணவன்தான் வடிகட்டி. செய்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. தீசிஸ் கொடுக்கக் கடைசித் தேதி மாதக் கடைசி. மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒளிராத பொருளுக்கு அத்தியாயம் கிடையாது. அத்தியாயம் இல்லையென்றால் டாக்டர் பட்டமும் கிடையாது. ஆறு வருடத்துக்கு ஒரு சின்னச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"அக்கா, ஒரு உதவி," என்றான் வடிகட்டி, குப்பியை மூடிக்கொண்டே. "கணக்குப்படி இது எவ்வளவு பளிச்சுனு எரியணும்னு ஒரு நம்பர் இருக்கும்ல? அதை எடுத்துக் கொடுங்க. அந்த நம்பரையும் என் குப்பியையும் பக்கத்துல வச்சு மேடம்கிட்ட காட்டுறேன். பொருள் கெட்டுப்போச்சு, புதுசா ஒரு தடவை செய்ய ரெண்டு மாசம் குடுங்கன்னு கேக்கறேன். கால்ல விழணும்னாலும் விழறேன்."

அது செவ்வாய்க்கிழமை காலை. அவள் மாடிக்குப் போய் இரண்டு வருடப் பழைய கோப்பைத் திறந்தாள்.

புரோட்டான் ஆக்ஸிஜனிலிருந்து நைட்ரஜனுக்குப் போகும் வழியைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்துக் கணக்குப் போட்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் கணினி நிரல், கிளர்ந்த நிலைகளை ஆற்றல் வாரியாக முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படுத்தி அச்சிடும். அவளுக்கு வேண்டியது முதலாவது. அதன் ஆற்றலையும் வளையத்தின் நிம்மதி எண்ணையும் மட்டும் வெட்டியெடுக்க அவளே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். பக்கத்திலேயே 'எவ்வளவு பளிச்' என்று சொல்லும் பத்தி ஒன்று இருந்தது. அட்டவணை தாளுக்கு வெளியே போகிறது என்று அதை வெட்டிவிட்டிருந்தாள். நாற்பது மூலக்கூறுக்கும் வெட்டிவிட்டிருந்தாள்.

இப்போது வெட்டாமல் பார்த்தாள். முதல் படி, 0.41. இரண்டாவது, 0.40. மூன்றாவது, 0.38. நான்காவது, 0.35. ஐந்தாவது படியில் 0.0003.

எழுத்துப் பிழையோ என்று திரையை விரலால் துடைத்தாள். ஆறாவது படி, 0.0002.

ஒரு விளக்கு மங்குவது வேறு, வேறொரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. ஐந்தாவது படியில் எங்கிருந்தோ ஒரு இருட்டு நிலை, ஒளியே விடாத நிலை, ஆற்றலில் கீழே இறங்கி முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. பளிச்சென்ற நிலை இரண்டாமிடத்துக்குப் போய்விட்டிருந்தது. நிரலுக்கு ஆளைத் தெரியாது, வரிசைதான் தெரியும். அவளும் முதலாவது, முதலாவது என்று வரிசையைப் பிடித்துக்கொண்டே போய், பாதி வழியில் ஆள் மாறியதைக் கோட்டை விட்டிருந்தாள்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அந்த இருட்டு நிலையில் வளையத்துக்குப் பெரிய தவிப்பே இல்லை. பாதிக்கப்பட்டது நைட்ரஜனின் தனி எலக்ட்ரான்கள், வளையம் ஏறக்குறைய பழைய நிம்மதியோடு இருந்தது. நான்காம் படி வரை தவித்த வளையம் ஐந்தாம் படியில் சட்டென்று அடங்கியதைப் பார்த்து, 'ஆகா, புரோட்டான் தாவத் தாவத் தவிப்பு அடங்குகிறது' என்று எழுதியிருந்தாள். புரோட்டான் அடக்கவில்லை. தவித்த ஆள் எழுந்து போய், தவிக்காத ஆள் வந்து உட்கார்ந்திருந்தான். தவிப்பு அதிகமாக அடங்குவதை மேலே வைத்துத்தான் நாற்பதையும் வரிசைப்படுத்தினார்கள். ஆகவே எதில் ஆள் மாறினானோ அதுதான் மேலே மிதந்து வந்திருக்கும். இருபத்து மூன்று முதலிடத்துக்கு வந்ததே அந்தத் தப்பினால்தான்.

வெளிச்சம் பட்டால் அந்த மூலக்கூறு இருட்டு நிலையில் விழும், ஆற்றல் வெறும் சூடாகப் போகும். ஒளிராது. கீழ்த் தளத்துக் குப்பியில் இருந்தது சுத்தமான, சரியான, ஒளிராத இருபத்து மூன்று.

பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டியபோது மணி பதினொன்று. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுடைய தற்காலிகத்தை வருடா வருடம் நீட்டித்து வாங்கித் தந்தவர் அவர்தான். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும் சார்."

"ஒரு எண்ணை வச்சுக்கிட்டு ஊரைக் கூட்டாதேம்மா. இன்னும் துல்லியமான பெரிய முறையில போட்டுப் பாரு. ஆளைப் பிடிச்சுத் தொடர்ந்து போ, வரிசையை நம்பாதே. அதுவும் இதையே சொன்னா நாமே கட்டுரையைத் திருத்தலாம். அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க போகட்டும்."

"அதுவரைக்கும் அந்த வடிகட்டி, சார்?"

"ஒரு வாரத்துல அவனுக்கு என்ன ஆகிடப் போகுது?"

மதிப்பீட்டுக் குழுதான் திட்டத்தை நீட்டிக்கும். திட்டம் நீண்டால் அவள் அட்டையும் நீளும். அவர் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கணக்கைப் போட்டாள். முடிய மூன்று நாள் ஆகும் என்றது கணினி. முதலில் உறுதி செய்துகொள்வோம், பிறகு சொல்வோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நியாயமாகத்தான் இருந்தது, அதனாலேயே அதற்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ள முடிந்தது.

புதன்கிழமை மதியம், கேன்டீனில் அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது வடிகட்டி எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நம்பர் எடுத்தீங்களாக்கா?"

"மெஷின் வரிசையில நிக்குதுடா. வெள்ளிக்கிழமை ஆகும்."

பாதி உண்மை. மீதிப் பாதியை டீயோடு விழுங்கினாள்.

"பன்னிரண்டாவது தடவையும் இறக்கிட்டேன். இன்னும் ஆறு மில்லிகிராம்தான் இருக்கு. கையைப் பாருங்க." விரல்களை விரித்துக் காட்டினான். கழுவிக் கழுவி, கரைப்பானில் ஊறி, நுனியில் தோல் உரிந்திருந்தது. "நேத்து வீட்டுக்குப் போன் பண்ணேன். மாமனார் எடுத்தார். மாப்பிள்ளை இன்னும் படிக்கிறாரா, இல்ல பள்ளிக்கூடம் ஏதும் மாத்தணுமான்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"மார்க் கம்மியா இருக்கு, மாமா, வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துக்க மாட்டாங்கன்னேன்." அவனே சிரித்தான், பிறகு நிறுத்திவிட்டான். "ஆறு வருஷம் ஆச்சுக்கா. என் வீட்டுக்காரி அங்கே ஒரு பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறா, நான் இங்கே குழாய்க்குக் கீழே உட்கார்ந்து சொட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன். எங்கேயோ ஒரு அழுக்கு இருக்கு. என் கண்ணுக்குப் படாத ஒரு அழுக்கு. அது எதுன்னு மட்டும் தெரிஞ்சுட்டா போதும்."

அந்த அழுக்கு அவன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. 'தம்பி' என்று ஆரம்பித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "சாப்பிட்டுப் போடா" என்று முடித்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவன் மாடிக்கு வந்தான். இதுவரை மாடிக்கு வந்ததே இல்லை. ஆய்வகச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"கடிதம் கொடுத்துட்டேன்க்கா. பட்டம் வேண்டாம், சான்றிதழோட போயிடறேன்னு. காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. 'பொருளைத் தேவையான தூய்மையில் தயாரிக்க இயலவில்லை'ன்னு எழுதினேன். நாளைக்கு மூணு மணிக்கு ஆய்வுக் குழு கூடுது. ஒத்துக்கிட்டா முடிஞ்சுது."

"ஏன்டா இவ்வளவு அவசரம்? வெள்ளிக்கிழமை நம்பர் தர்றேன்னேனே!"

"நம்பர் வந்து என்ன ஆகப் போகுது? எவ்வளவு கேவலமா செஞ்சிருக்கேன்னு அளந்து சொல்லும். அவ்வளவுதானே?" கோபமில்லாமல் சொன்னான். "விடுங்க. சில பேர் கைக்கு இது வராதுக்கா. ஏத்துக்கணும்."

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒரு மாடி, இன்னொரு மாடி. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தாள். கணவன் சாப்பாட்டு மேஜையில் லிஃப்டிலிருந்து கழற்றிய ஒரு ரிலேயைப் பிரித்துப் போட்டிருந்தான். மகள் அதன் திருகுகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படி, வரிசை, ஆள் மாறியது, கடிதம் எல்லாவற்றையும்.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"நான் ஒரு கேபிளைத் தப்பா மாட்டினா ஆள் விழுவான்," என்றான். "உன் வேலையில யாரும் விழ மாட்டாங்கன்னு உன்னைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை கூட உண்டு."

"விழுந்துட்டிருக்கான்."

"அப்புறம் எதுக்கு இங்கே உட்கார்ந்திருக்கே?"

"கணக்கு இன்னும் முடியல. உறுதியாத் தெரியாம எப்படி..."

"எனக்குத் தெரியாத கணக்கு, ஆனா உன் முகம் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ சரியாச் சாப்பிடல." ரிலேயைக் கையில் எடுத்தான், மறுபடி கீழே வைத்தான். "வேலை போகும்னு பயமா?"

"ம்."

"போனா போகும். இல்ல, அப்படிச் சொல்ல மாட்டேன். போனா கஷ்டம்தான். கஷ்டம்னு தெரிஞ்சேதான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குக் கணக்கு முடிந்தது. இம்முறை அவள் பளிச்சென்ற நிலையை அதன் உருவத்தை வைத்தே அடையாளம் கண்டு, படிக்குப் படி பின்தொடர்ந்திருந்தாள். புரோட்டான் பாதி வழியைக் கூடத் தாண்டவில்லை. அதற்குள் இருட்டு நிலை குறுக்கே வந்து மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. சந்தேகமே இல்லை. எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருக்கும் என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

இரண்டு தாளில் அச்செடுத்துக்கொண்டு கீழ்த் தளத்துக்கு ஓடினாள். வடிகட்டி தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தான். கழுவிய குடுவைகள் தலைகீழாக வரிசையில் நின்றன. வரவிருக்கும் அடுத்த ஆளுக்காக இழுப்பறைகளில் புதிதாகச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நீ செஞ்சது சரிடா," என்றாள் மூச்சு வாங்க. "உன் பொருள் சுத்தம். அது ஒளிராது. ஒளிரவே முடியாது. நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்."

அவன் கையிலிருந்த சீட்டை எங்கே ஒட்டுவது என்று தெரியாதவன் போல் நின்றான். அவள் தாளை விரித்து, ஐந்தாவது படியைக் காட்டி, சொல்லி முடித்தாள். கூர்மையானவன், இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துகொண்டான்.

"அப்போ பதினொண்ணாவது தடவை எடுத்தது சுத்தம்?"

"சுத்தம்."

"அஞ்சாவது தடவை?"

"அதுவும்தான்."

"முதல் தடவை?"

அவள் தலையசைத்தாள்.

"முதல் தடவை நூத்தி எண்பது மில்லிகிராம் இருந்துச்சு," என்றான். "நூத்தி எண்பது. அதை வச்சு எல்லா அளவையும் எடுத்திருக்கலாம். ஏன் ஒளிரலன்னு நானே எழுதியிருக்கலாம். சுத்தமா இருந்ததை எடுத்துப் பன்னிரண்டு தடவை கழுவி ஊத்தியிருக்கேன்." ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு தாளின் மூலையைப் பார்த்தான். கணக்கு தொடங்கிய நேரத்தை நிரலே அங்கே அச்சிட்டிருந்தது. "செவ்வாய்க்கிழமை மதியம் போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"புதன்கிழமை என்கூட டீ குடிச்சீங்க."

"ஆமாம்."

"நேத்து நான் மாடிக்கு வந்தேன்."

"ஆமாம்டா."

அவன் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, உரிந்த விரல்நுனியை இன்னொரு கையால் தடவிக்கொண்டிருந்தான். "என் கைன்னு நினைச்சேனே," என்று தாழ்ந்த குரலில் இரண்டு தடவை சொன்னான். அவளிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஆய்வுக் குழு அறை வாசலில் எழுத்தர் பட்டியலைப் பார்த்தார்.

"உங்க பேர் இதுல இல்லையேம்மா. எந்த விஷயமா வந்திருக்கீங்க?"

"நாலாவதா ஒரு கடிதம் இருக்குல்ல? அந்தப் பையன் எழுதின காரணம் தப்பு. சரியான காரணம் நான்தான்."

எழுத்தருக்கு முழி பிதுங்கியது. அவர் யாரையோ கேட்க உள்ளே போனார். அந்த இடைவெளியில் அவளும் உள்ளே போனாள். நீள மேஜையைச் சுற்றி ஐந்து பேர். மேடம் ஒரு பக்கம். அவளுடைய பேராசிரியர் எதிர்ப்பக்கம். அவரும் குழுவில் உறுப்பினர் என்பது அவளுக்கு முன்பே தெரியும். வாசலில் நிற்கும்போது கூட அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே சொன்னாள். எழுதி வைத்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. வரிசையை நம்பியதை, பத்தியை வெட்டியதை, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். பேராசிரியரின் பெயரை எடுக்கவில்லை. தாள் அவள் விரலோடு சேர்ந்து படபடத்தது. மேடத்துக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பதினாலு மாசம். என் ஆய்வகத்துல பதினாலு மாசம் போச்சு. அட்டவணை அகலமாப் போகுதுன்னு ஒரு பத்தியை வெட்டினீங்களா?"

"ஆமாம் மேடம்."

"அவன் கையைக் குறை சொல்லிட்டேனே நான்," என்றார் மேடம். அதை வேறு குரலில் சொன்னார்.

தலைவர் பேராசிரியர் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டார். பேராசிரியர் முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரை நேராக்கினார். "தெரியும்," என்றார். "செவ்வாய்க்கிழமையே சொன்னாங்க. காத்திருக்கச் சொன்னது நான்." அவள் பக்கம் பார்க்கவில்லை.

முடிவு பத்து நிமிடத்தில் வந்தது. கடிதத்தை அவன் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நான்கு மாதம் நீட்டிப்பு. அதற்குள் மூன்றாவது அத்தியாயத்துக்கு வேறு ஏதாவது செய்துகொள்ள வேண்டும். ஆறு மில்லிகிராமை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யாரும் சொல்லவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவளே எழுத வேண்டும். அவளுடைய அட்டையைப் பற்றி அடுத்த வாரம் பேசுவார்கள்.

வராந்தாவில் வடிகட்டி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டான்.

"நாலு மாசம்," என்றான். "இதைச் செய்யவே பதினாலு ஆச்சு. இப்போ வேற எதைச் செய்யறது? உங்க பட்டியல்ல இன்னும் முப்பத்தொன்பது இருக்கு. அதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

பதிலுக்காக அவன் நிற்கவில்லை. ஒப்படைத்திருந்த ஆய்வகச் சாவியைத் திரும்ப வாங்க எழுத்தரிடம் போனான். அக்கா என்று கூப்பிடவுமில்லை, போய்ட்டு வர்றேன் என்று சொல்லவுமில்லை.

அவள் மாடிக்குப் போய், வெட்டப்பட்ட பத்தியோடு முப்பத்தொன்பது கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆறு மணிக்குள் பாதி முடிந்தது. மேலே மிதந்த ஐந்தில் இருபத்து மூன்றோடு இன்னும் இரண்டு பழுது. ஒன்று முப்பத்தாறு. இன்னொன்று ஏழு.

ஏழு. அந்த எண் எங்கோ உறுத்தியது. அஞ்சலில் தேடினாள். எட்டு மாதத்துக்கு முன்னால், அவள் பார்த்தேயிராத ஓர் ஊரிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். உங்கள் பட்டியலில் உள்ள ஏழாம் மூலக்கூறைச் செய்யத் தொடங்குகிறோம், அணுக்களின் இருப்பிட விவரத்தை அனுப்ப முடியுமா என்று. அனுப்பியிருந்தாள். 'வாழ்த்துகள், நன்றாக ஒளிரட்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. எழுதினால் திங்கட்கிழமைதான் படிப்பார்கள். அதற்குள் எத்தனை தடவை வடிகட்டுவார்களோ. எண்ணை அழுத்தினாள். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். மூக்கடைத்த, சளைத்துப்போன குரல்.

"ஆய்வகம். யாருங்க?"

"ஏழாம் மூலக்கூறுன்னு ஒண்ணு... நீங்க இன்னும் அதைச் செஞ்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"செஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுங்க. ஒளிர மாட்டேங்குது. எங்கேயோ அழுக்கு கலந்திருக்கு, எடுத்துக்கிட்டே இருக்கேன். நீங்க யாரு பேசறது?"

யாரென்று சொன்னாள்.

"அட, நீங்களா! உங்களுக்கு எழுதணும்னு இருந்தேன், கூச்சமா இருந்துச்சு. ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, குழாய் ஓடிக்கிட்டிருக்கு, அடைச்சுட்டு வந்துடறேன்."

ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் கண்ணாடி கண்ணாடியோடு லேசாக இடித்தது. கணக்கக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயமில்லை இது. அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் தொலைபேசியை நோக்கி வேகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.